ஜெர்மைன் ஹென்றி ஹெஸ்

ஜெர்மைன் ஹென்றி ஹெஸ் (ஆகஸ்ட் 7, 1802 – டிசம்பர் 12, 1850) சுவிட்சர்லாந்தில் பிறந்து ரஷ்யாவில் வாழ்ந்து மறைந்த வேதியியலாளரும் மருத்துவரும் ஆவார். வேதிவினைகளில் வெளிப்படும் வெப்பத்தை அளந்து ஆராயும் வெப்பவேதியியல் என்னும் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் இவர் முதன்மையானவர். ஒரு வேதிவினை ஒரே படியில் நிகழ்ந்தாலும் பல படிகளில் நிகழ்ந்தாலும் மொத்த வெப்பமாற்றம் ஒன்றே என்று கூறும் விதி இவர் பெயரால் ஹெஸ் விதி என வழங்குகிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கும்போது தோன்றும் வெப்பத்தை அளந்தே இவர் இவ்விதியைக் கண்டடைந்தார். அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு காரக் கரைசலின் செறிவைக் காணும் முறை இவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே உருவாயிற்று.

ரஷ்யாவில் இவர் கெர்மன் இவானொவிச் கெஸ் என அழைக்கப்பட்டார். அக்காலத்தில் ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அதனால் சில நூல்களில் இவரது பிறந்த நாள் ஜூலை 26 என்றும் மறைந்த நாள் நவம்பர் 30 என்றும் காணப்படும். பிறந்த நாளைப் புதிய நாட்காட்டியிலும் இறந்த நாளைப் பழைய நாட்காட்டியிலும் கலந்து தரும் நூல்களும் உள்ளன.

இளமையும் கல்வியும்

ஹெஸ் ஜெனீவா நகரில் பிறந்தார். தந்தை ஓர் ஓவியர். ஹெஸ்ஸுக்கு மூன்று வயதானபோது, 1805 இல், குடும்பம் ரஷ்யப் பேரரசுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு செல்வர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராகத் தந்தை பணியேற்றார். ஹெஸ் தம் பள்ளிப் படிப்பையும் பல்கலைக்கழகப் படிப்பையும் டார்பாட் நகரில் முடித்தார். இந்நகர் இன்று எஸ்தோனியா நாட்டில் தார்த்து என்னும் பெயருடன் உள்ளது. ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தாலும் டார்பாட் பல்கலைக்கழகத்தில் அந்நாளில் செருமன் மொழியிலேயே பாடம் நடத்தப்பட்டது.

1822 இல் மருத்துவம் பயிலத் தொடங்கிய ஹெஸ்ஸை வேதியியலும் நிலவியலும் ஈர்த்தன. வேதியியலில் ஓசானும் நிலவியலில் எங்கெல்ஹார்ட்டும் இவருடைய ஆசிரியர்கள். மருத்துவப் பட்டத்துக்கு இவர் எடுத்துக்கொண்ட பொருளும் ஏறத்தாழ வேதியியலே. ரஷ்யாவின் கனிமநீர் ஊற்றுகளில் கரைந்துள்ள பொருள்களையும் அந்நீரின் நோய் தீர்க்கும் தன்மையையும் அவர் ஆராய்ந்தார். பின்னர் ஸ்டாக்ஹோமுக்குச் சென்று, அக்காலத்தின் பெரும் வேதியியலாளரான பெர்சிலியஸின் ஆய்வுக்கூடத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கினார். தங்கியது குறுகிய காலமே எனினும், துல்லியமாக எடைபோட்டு வேதியியல் செய்யும் பழக்கம் அங்கேதான் இவரிடம் வேரூன்றியது எனலாம். இருவருக்கும் இடையே கடிதத் தொடர்பு நீடித்தது.

சைபீரியா

ஸ்டாக்ஹோமிலிருந்து திரும்பியபின் எங்கெல்ஹார்ட்டுடன் ஊரல் மலைப் பகுதிக்கு நிலவியல் பயணம் மேற்கொண்டார். அடுத்து, பைக்கால் ஏரிக்கு அருகிலுள்ள இர்கூத்ஸ்க் நகரில் மருத்துவராகப் பணிபுரிந்தார். தலைநகரிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, அப்பகுதியின் கனிமங்களையும் உப்புகளையும் பகுப்பாய்வு செய்து வந்தார். இந்த ஆய்வுகளே சென் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அறிவியல் அகாதமியில் இவரை அறிமுகப்படுத்தின. 1830 இல் தலைநகருக்குக் குடிபெயர்ந்தபின் மருத்துவத் தொழிலுக்கு அவர் திரும்பவில்லை.

கனிமங்கள் மீதான ஆர்வம் தலைநகரிலும் தொடர்ந்தது. 1832 இல் ஊரல் மலையில் கிடைத்த பச்சை நிறக் கார்னெட் கல் ஒன்றை விவரித்து, அகாதமியின் தலைவர் உவாரவ் பெயரால் அதற்கு உவாரவைட்டு எனப் பெயரிட்டார். வெள்ளியும் தெலூரியமும் சேர்ந்த ஒரு கனிமத்துக்கு 1843 இல் ஹெஸ்ஸைட்டு என்று இவர் பெயரே சூட்டப்பட்டது.

பேராசிரியரும் பாடநூலும்

சென் பீட்டர்ஸ்பர்க்கில் தொழில்நுட்பக் கழகம், சுரங்கக் கழகம், தலைமைக் கல்வியியல் கழகம், பீரங்கிப் படைப்பள்ளி ஆகியவற்றில் ஹெஸ் வேதியியல் கற்பித்தார். 1834 இல் அறிவியல் அகாதமியின் முழு உறுப்பினர் ஆனார். கல்வியியல் கழகத்தில் இவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் அலெக்சாந்தர் வஸ்க்ரெசென்ஸ்கி. இவர் பின்னர் அதே கழகத்தில் ஆசிரியராகி, தனிம அட்டவணையை அமைத்த மெண்டலீவுக்கு வேதியியல் கற்பித்தார். மெண்டலீவ் அங்கு மாணவராகச் சேர்ந்த 1850 ஆம் ஆண்டே ஹெஸ் மறைந்த ஆண்டு.

ஹெஸ் ரஷ்ய மொழியில் எழுதிய தூய வேதியியலின் அடிப்படைகள் என்னும் பாடநூலின் முதற்பதிப்பு 1831 இல் வெளிவரத் தொடங்கியது. இவரது வாழ்நாளிலேயே ஏழு பதிப்புகள் வந்தன. இறுதிப் பதிப்பின் ஆண்டு 1849. பிரெஞ்சு பேசும் ஊரில் பிறந்து செருமன் மொழியில் பயின்ற ஒருவர், அதுவரை வேதியியலுக்கென நிலைபெற்ற சொற்கள் இல்லாதிருந்த ரஷ்ய மொழியில் நூல் எழுதினார். சேர்மங்களுக்கு என்ன பெயர் இடுவது என்பதை அந்நூலை எழுதும்போதே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ரஷ்ய வேதியியல் பெயரிடு முறையை ஒழுங்குபடுத்தியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தச் சிக்கல் தமிழுக்கும் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் கெமிஸ்தம் என்னும் வேதியியல் நூலை 1875 இல் தமிழில் வெளியிட்டார். தருமபுரியும் மொரப்பூரும் உள்ளடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் தலைநகரில், 1916 இல், இராஜகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்து இதழும் நடத்தினர். பின்னாளில் இராஜகோபாலாச்சாரியார் திண்ணை ரசாயனம் என்னும் நூலையும் எழுதினார். ரஷ்யாவில் இப்பணி ஏறத்தாழ ஒரே பாடநூலைச் சுற்றி நடந்தேறியது. தமிழில் அது பலர் கைகளில் பல தலைமுறைகளாக நிகழ்ந்து வருகிறது.

வெப்ப ஆய்வுகள்

வேதிவினையின் வெப்பத்தை அளக்கும் முயற்சி ஹெஸ்ஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பிரான்சில் லவாய்சியரும் லப்லாசும் 1780களில் பனிக்கட்டி உருகும் அளவைக் கொண்டு வெப்பத்தை அளந்தனர். ஒரு சேர்மம் உருவாகும்போது வெளிப்படும் வெப்பமும், அதே சேர்மத்தைப் பிரிக்கத் தேவைப்படும் வெப்பமும் சமம் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டில் இத்துறை பெரிதாக வளரவில்லை. வேதியியலாளர்கள் பொருள்களை எடைபோடுவதிலேயே முனைந்திருந்தனர்.

ஹெஸ்ஸின் கேள்வி வேறு. இரண்டு பொருள்கள் ஒன்றை ஒன்று எவ்வளவு வலுவாக நாடுகின்றன என்பதை எடை சொல்லாது. வெளிப்படும் வெப்பம் அதைச் சொல்லக்கூடும் என்று அவர் கருதினார். மேலும், டால்டனின் எடை விதிகளைப் போலவே வெப்பமும் எளிய முழு எண் விகிதங்களில் பொருள்களுடன் சேர்கிறது என்று காட்ட முனைந்தார். வெப்பம் என்பது பொருளா இயக்கமா என்ற வினா அன்று தீர்க்கப்படாதிருந்ததால், இது பொருத்தமற்ற எதிர்பார்ப்பன்று.

ஆய்வுக்கு அவர் கந்தக அமிலத்தைத் தேர்ந்தார். அடர் கந்தக அமிலத்தில் நீர் சேர்த்தால் வெப்பம் எழும். அந்த நீர்த்த அமிலத்தைக் காரத்துடன் சேர்த்தால் மேலும் வெப்பம் எழும். முதலில் நீரே சேர்க்காமல் அமிலத்தை அம்மோனியாக் கரைசலால் நடுநிலையாக்கினார். அவர் பயன்படுத்திய அலகில் வெப்பம் 595.8 ஆக இருந்தது. பின்னர் நீரின் அளவைப் படிப்படியாகக் கூட்டி மூன்று நீர்த்த அமிலங்களைத் தயாரித்தார். இவற்றில் நீர் சேர்க்கும்போதே 77.8, 116.7, 155.6 என வெப்பம் வெளியேறிவிட்டது. அவற்றை அம்மோனியாவால் நடுநிலையாக்கியபோது முறையே 518.9, 480.5, 446.2 என்ற வெப்பங்களே கிடைத்தன. இரண்டையும் கூட்டினால் 596.7, 597.2, 601.8 வரும். நான்கு கூட்டுத்தொகைகளுக்கும் இடையிலுள்ள மிகப்பெரிய வேறுபாடு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் உள்ளன. நீர் சேர்த்தபோது எழுந்த வெப்பங்கள் 38.9 என்ற எண்ணின் சரியாக இரு மடங்கும் மும்மடங்கும் நான்கு மடங்கும் ஆகும். ஹெஸ் தேடிய முழு எண் விகிதம் இதுவே. அவருக்கு அதுவே பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. ஆனால் அன்றைய கருவிகளைக் கொண்டு செய்யும் அளவீட்டில் இத்துணைச் சீரான மடங்குகள் இயல்பாக வருவது அரிது. அவர் தம் எண்களை விதிக்கு இசையச் சீராக்கிக்கொண்டார் என்று கருத இடமுண்டு. நீர் சேர்க்கும்போது எழும் வெப்பம் உண்மையில் அளவுக்கேற்பத் தொடர்ச்சியாக மாறுவது. அதில் முழு எண் படிகள் இல்லை. அவ்விதி நிலைக்கவில்லை.

மறுபுறம், கூட்டுத்தொகை நிரல் சீராக்கப்படவில்லை. 595.8 க்கும் 601.8 க்கும் இடையே சிறு பிசகுகளுடன் அப்படியே விடப்பட்டுள்ளது. எந்த வழியில் சென்றாலும் மொத்தம் மாறாது என்ற உண்மை அங்கேதான் வெளிப்பட்டது. 1840 இல் ஹெஸ் இதனை அறிவியல் அகாதமியில் அறிவித்தார். அதே ஆண்டு செருமன் ஆய்விதழிலும் வெளியிட்டார். இன்று பாடநூல்களில் இடம்பெறுவது இந்த விதியே.

ஆற்றல் அழியாது என்ற பொது விதி அப்போது இல்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மேயரின் கட்டுரை 1842 இலும், ஜூலின் அளவீடுகள் 1843 இலும், ஹெல்ம்ஹோல்ட்சின் நூல் 1847 இலுமே வந்தன. இப்போது ஹெஸ் விதியை ஆற்றல் அழியா விதியின் கிளையாக ஒரே வரியில் வருவித்துவிடலாம். ஹெஸ் அதை வெறும் வெப்பமானியையும் தராசையும் கொண்டு கண்டார்.

நேரடியாக அளக்க முடியாத வெப்பங்களைக் கணக்கிட இவ்விதி உதவுகிறது. கரியை எரித்துக் கார்பன் மோனாக்சைடை மட்டும் பெறுவது கடினம். கார்பன் டைஆக்சைடும் கூடவே வந்துவிடும். ஆனால் கரி முழுமையாக எரிந்து கார்பன் டைஆக்சைடாகும் வெப்பம் (மோலுக்கு 393.5 கிலோஜூல்), கார்பன் மோனாக்சைடு எரிந்து கார்பன் டைஆக்சைடாகும் வெப்பம் (283.0 கிலோஜூல்) ஆகிய இரண்டையும் அளக்கலாம். இவற்றின் வேறுபாடான 110.5 கிலோஜூல் என்பதே வேண்டிய விடை. மேல்நிலை வகுப்பு மாணவர்கள் இவ்விதியை இந்த எடுத்துக்காட்டின் வழியாகவே பெரும்பாலும் அறிகின்றனர்.

நடுநிலையாக்கலும் வெப்ப நடுநிலையும்

1842 இல் ஹெஸ் மற்றொரு முடிவை வெளியிட்டார். இரண்டு நடுநிலை உப்புகளின் நீர்த்த கரைசல்களைக் கலந்தால், வீழ்படிவு எதுவும் உண்டாகாதவரை, வெப்பநிலை மாறுவதில்லை. இதனை அவர் வெப்ப நடுநிலை விதி என்றார். உப்புகள் தமக்குள் அமிலத்தையும் காரத்தையும் மாற்றிக்கொள்வதாகவே அன்று கருதப்பட்டது. அவ்வாறு மாற்றம் நிகழ்ந்தும் வெப்பம் எழாதது புதிராக இருந்தது.

இதே காலத்தில் பெல்பாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்பவரும் நடுநிலையாக்கல் வெப்பத்தை அளந்து வந்தார். ஓர் அமிலம் எந்தக் காரத்துடன் சேர்ந்தாலும் ஒரே அளவு வெப்பம் தரும் என்பது ஹெஸ்ஸின் நிலை. வெப்பத்தை முடிவு செய்வது காரமே, அமிலமன்று என்பது ஆண்ட்ரூஸ் 1841 இல் வெளியிட்ட நிலை. இருவரும் ஒருவரையொருவர் மறுப்பதாகத் தோன்றியது. உண்மையில் இருவரும் ஒரே செய்தியின் இரு பாதிகளைப் பற்றியிருந்தனர்.

முழு விளக்கம் 1887 இல் அர்ஹீனியஸின் அயனிக் கொள்கையுடன் வந்தது. வலிமை மிக்க அமிலமும் வலிமை மிக்க காரமும் நீரில் முன்பே அயனிகளாகப் பிரிந்துள்ளன. எந்த அமிலமானாலும் எந்தக் காரமானாலும் நிகழ்வது ஒன்றே: ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராகின்றன. ஆகவே வெப்பமும் ஒன்றே. உப்புக் கரைசல்களைக் கலக்கும்போதோ எந்த வினையும் நிகழ்வதில்லை. அயனிகள் முன்பிருந்தபடியே இருக்கின்றன. ஹெஸ்ஸைக் குழப்பிய அமைதிக்கு இதுவே காரணம்.

இறுதிக் காலம்

1842 க்குப் பின் ஹெஸ்ஸின் ஆய்வு வேகம் குறைந்தது. பல கல்விக்கூடங்களின் பணிச்சுமையோடு உடல்நலக் குறைவும் சேர்ந்தது. 1848 வாக்கில் நோய் முற்றியதால் பணிகளிலிருந்து விலக நேர்ந்தது. 1850 இல் சென் பீட்டர்ஸ்பர்க்கில் தம் நாற்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

அடுத்த தலைமுறையில் கோபன்ஹேகனில் ஜூலியஸ் தாம்செனும் பாரிசில் பெர்தெலோவும் வெப்பவேதியியலைப் பெருந்துறையாக வளர்த்தனர். இருவரும் முன்னுரிமை குறித்துத் தம்முள் வழக்காடிக்கொண்டிருந்த வேளையில் ஹெஸ்ஸின் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது. டார்பாட்டில் பயின்ற மற்றொரு வேதியியலாளரான ஆஸ்ட்வால்டு, 1890 இல் தாம் பதிப்பித்த அறிவியல் செவ்விய நூல்வரிசையில் ஹெஸ்ஸின் வெப்பவேதியியல் கட்டுரைகளைச் சேர்த்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார்.

வெப்பநிலை கொண்டு காரத்தின் செறிவு காணல்

ஹெஸ் செறிவு தெரிந்த கரைசல்களைக் கலந்து வெப்பத்தைக் கண்டார். இதனைத் திருப்பினால், வெப்பநிலை மாற்றத்தைக் கண்டு செறிவை அறியலாம். அமெரிக்காவில் பெல், கோவெல் ஆகிய இருவர் 1913 இல் சிட்ரிக் அமிலத்தை அம்மோனியாவால் தரம்பார்க்கையில், நிறங்காட்டிக்கு மாற்றாக நுண்ணிய வெப்பமானியைப் பயன்படுத்தினர். இதுவே வெப்பநிலைத் தரம்பார்த்தலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1950களில் தெர்மிஸ்டர் என்னும் வெப்ப உணரி வந்தபின் இது தானியங்கி முறையாக மாறியது.

எளிய வடிவில் இம்முறை வருமாறு. செறிவு தெரியாத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 25 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் அளந்து, வெப்பம் கடத்தாத தெர்மோகோல் குவளையில் எடுத்துக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு 1 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து சிறு அளவுகளாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கலக்கி வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். காரம் எஞ்சியிருக்கும் வரை வெப்பநிலை உயரும். காரம் தீர்ந்தபின் சேரும் அமிலம் வினைபுரியாது. அது குளிர்ந்த நீர்மமாக மட்டுமே கலப்பதால் வெப்பநிலை மெல்ல இறங்கும். வரைபடத்தில் ஏறும் புள்ளிகள் வழியாக ஒரு கோடும், இறங்கும் புள்ளிகள் வழியாக மற்றொரு கோடும் வரைந்தால், அவை வெட்டும் இடமே சமானப் புள்ளி. அது 20 மில்லிலிட்டரில் அமைந்தால் வினைபுரிந்த அமிலம் 0.020 மோல். காரமும் அதே அளவு என்பதால் அதன் செறிவு லிட்டருக்கு 0.80 மோல். அப்போது வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 1.1 கிலோஜூல், 45 மில்லிலிட்டர் கரைசல் சுமார் 6 பாகை சூடேறும். சாதாரண வெப்பமானிக்கே இது தெளிவாகப் புலப்படும்.

வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்பதை நேரடியாகக் கணக்கில் கொண்டு செறிவு காண முயல்வதில் பிழை வர வாய்ப்பு மிகுதி. குவளை உறிஞ்சும் வெப்பம், காற்றில் இழக்கும் வெப்பம், இரு கரைசல்களின் தொடக்க வெப்பநிலை வேறுபாடு ஆகிய அனைத்தும் விடையைத் தாக்கும். நடுநிலையாக்கல் வெப்பமும் மாறாத எண்ணன்று. பழைய நூல்களில் மோலுக்கு 57.3 கிலோஜூல் (13.7 கிலோகலோரி) என்றிருக்கும், இது ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களின் 18 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பநிலைக்குப் பொருந்துவது. 25 பாகையில் அது 55.8 ஆகக் குறைகிறது. கோடையில் மொரப்பூர் போன்ற ஓர் ஊரின் பள்ளி ஆய்வுக்கூடம் 35 பாகையில் இருக்குமானால் மதிப்பு 54 க்கும் கீழே இறங்கும். மாணவர் தம் விடை குறைவாக வந்ததற்கு வெப்ப இழப்பை மட்டுமே காரணமாக எழுதுவது முழுமையாகாது. கோடுகள் வெட்டும் இடத்தைக் காணும் முறைக்கோ இந்த எண் தேவையே இல்லை. சிறிதளவு வெப்பம் வீணானாலும் முறிவு ஏறத்தாழ அதே கன அளவில்தான் நிகழும்.

நிறங்காட்டியின் நிறமாற்றம் தெரியாத கலங்கலான கரைசல்களுக்கும், கண்ணாடி மின்முனைகள் விரைவில் கெட்டுவிடும் அடர் காரங்களுக்கும் இம்முறை ஏற்றது. பாக்சைட்டிலிருந்து அலுமினா பிரிக்கும் பேயர் முறையில், சூடான எரிசோடாக் கரைசலில் பாக்சைட்டு கரைக்கப்படுகிறது. சேர்வராயன் மலைப் பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் முன்னர் இயங்கிய அலுமினிய ஆலையின் மூலப்பொருளும் இவ்வாறு பிரிக்கப்பட்டதே. அக்கரைசலில் எரிசோடா, கார்பனேட்டு, அலுமினேட்டு ஆகிய மூன்றும் கலந்திருக்கும். உலகின் பல அலுமினா ஆலைகளில் இவற்றைத் தனித்தனியே அறிய வெப்பநிலைத் தரம்பார்த்தல் பயன்படுகிறது. ஒவ்வொன்றும் அமிலத்துடன் சேரும்போது தரும் வெப்பம் வேறாதலால், வரைபடக் கோட்டின் சாய்வு மாறும் இடங்களிலிருந்து அவற்றின் அளவுகள் தெரியவரும்.